வேடந்தாங்கல்: ஏரிக்குள் கூடு, வயலில் இரை

செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் வட்டத்தில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேடந்தாங்கல், பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே பாசன ஏரியாக இருந்தது. இன்றும் அவ்வாறே இருக்கிறது. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரியின் நீர் மதகு வழியே ஆயக்கட்டுக்கு, அதாவது ஏரியை நம்பிப் பயிரிடப்படும் நிலங்களுக்குப் பாய்கிறது என்பதை மனத்திற்கொண்டாலன்றி இவ்விடத்தின் பாதுகாப்பு வரலாறு விளங்காது.

வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிரம்பியதும், அடிமரம் நீரில் மூழ்கி நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா முதலியவை கூடு கட்டுகின்றன. சூழ்ந்துள்ள நீரே, தரையில் திரியும் விலங்குகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் நெருங்கவிடாத அரணாகிறது. நவம்பர் முதல் மார்ச் வரை நீளும் இப்பருவத்தில் பறவைகளின் எச்சம் ஓயாது நீரில் விழுந்து கரைவதால், தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) ஏறிய அந்த நீர் வயலில் பாயும்போதே எருவாகவும் பயன்படுகிறது. பறவைகளைக் காப்பதில் இவ்வூரார் காட்டிய பிடிவாதத்துக்கு இரக்கம் மட்டுமே காரணம் என்று கூறுவது, அவர்களின் வேளாண்மை அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாகும்.

ஆங்கிலேயப் படைவீரர்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊர்மக்கள் முறையிட்டதன் பேரில், அப்போதைய கலெக்டர் லியோனல் பிளேஸ் 1798-இல் பாதுகாப்பு உரிமை அளித்தார் என்பர். 1858-இல் மக்கள் மீண்டும் கலெக்டரிடம் ஆணை பெற்றதையும், 1936-இல்தான் சரணாலயம் என்ற ஏற்பு கிட்டியதையும் சேர்த்துப் பார்த்தால், வனத்துறையின் காவலுக்கு நெடுங்காலம் முன்பே ஊர்க்காவல் நிலைபெற்றிருந்தது தெளிவாகும்.

1998-ஆம் ஆண்டின் அறிவிக்கை ஏரியைச் சுற்றிலும் 5 கிலோமீட்டர் ஆரத்தைச் சரணாலய எல்லையாக்கியது. இது மிகையான பரப்பன்று; ஏனெனில் ஏரி கூடு கட்டும் இடமே; அங்கு கூடும் பறவைகள் அனைத்துக்கும் இரை தரும் அளவுக்குப் பெரிதன்று. நத்தைகுத்தி நாரை நெல்வயல்களிலும் ஏரிகளிலும் நத்தை தேடுகிறது. கூழைக்கடா மீனுக்காகப் பிற ஏரிகளை நாடிப் பறக்கிறது. சிற்றேரிகள் தூர்ந்துபோவதும், வயல்கள் மனைகளாவதும், நீர்நிலைகளில் கழிவு கலப்பதும் குஞ்சுகளின் இரையில் கைவைப்பதற்கு ஒப்பாகும். இந்நிலையில், ஆரத்தின் வெளிப்புற 2 கிலோமீட்டரைச் சரணாலயத்திலிருந்து விலக்கிச் சூழல் கூருணர்வு மண்டலமாக, அதாவது கட்டுப்பாடுகள் தளர்ந்த வெளிவட்டமாக மாற்ற 2020-இல் முன்வைக்கப்பட்ட யோசனை கடும் எதிர்ப்பைச் சந்தித்து, பின்னர் கைவிடப்பட்டதில் வியப்பில்லை.

ஆயினும் எல்லைக்கோட்டை மட்டும் காத்தால் போதாது. எல்லைக்குள் இருப்பவை பெரும்பாலும் பட்டா நிலங்களும் ஊர்களும் ஆகும். அங்கு வாழ்வோர் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பதுடன், நிலப் பயன்பாட்டின் மீதான கட்டுப்பாடுகளையும் சுமக்கின்றனர். மூட்டை உரம் கடையில் கிடைக்கும் காலத்தில் எச்சம் கலந்த நீரின் மதிப்பு குறைகிறது; பூச்சிக்கொல்லி பெருகினால் வயலின் நத்தையும் தவளையும் அருகி, பறவைகளுக்கும் உழவருக்கும் இடையிலான பழைய உடன்பாட்டின் இரு பக்கமும் தளரும். 2022-இல் கிடைத்த ராம்சார் ஏற்பு, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் தகுதி, உழவருக்கு நேரடி வருவாய் எதையும் தருவதில்லை. இந்த 5 கிலோமீட்டருக்குள் நஞ்சின்றி விளையும் நெல்லுக்குக் கூடுதல் கொள்முதல் விலையும், சிற்றேரிகளின் வரத்துக்கால்களைத் தூர்வார நிலையான நிதியும் ஒதுக்க அரசு முன்வர வேண்டும்.