வேரழுகல் பூஞ்சையின் பல வகைகள்

உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஆகியவற்றின் வேரை அழுகச்செய்யும் பூஞ்சைகளில் முக்கியமானது மேக்ரோபோமினா பேசியோலினா. நாகர்கோவிலைச் சுற்றிய நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூ பருவ நெல் அறுவடைக்குப் பின் பயறு விதைத்தால், கோடை வெப்பமும் ஈரக்குறைவும் இந்நோய்க்கு வாய்ப்பாகின்றன. வாடிய செடி இழுத்ததும் கையோடு வரும். வேர்ப்பட்டை நார்நாராக உரியும். அதனடியில் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் தெரியும். பூஞ்சை இந்தப் புள்ளிகளாக மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

500-க்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்கும் இப்பூஞ்சையின் மரபணுத் தொகுதியை வங்கதேச விஞ்ஞானிகள் 2012-இல் வெளியிட்டனர். இழைகள் ஒன்றோடொன்று இணைவதாலும் சடுதிமாற்றத்தாலும் இதில் புதுப்புது வகைகள் தோன்றுகின்றன. ஒரே வட்டாரத்து மாதிரிகள்கூட வீரியத்தில் வேறுபடும். ஒரு வயலில் தாக்குப்பிடித்த பயறு ரகம் மற்றொன்றில் அழியலாம். ஆகவே புதிய ரகங்களை இப்பூஞ்சையின் பல வகைகளுக்கு எதிராகச் சோதிப்பது அவசியம். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைப்பது விவசாயி கையிலுள்ள எளிய காப்பு.