கேரவனில் கழிப்பறை பழுதானால் என்ன செய்வது? கழிவைச் சாலையோரம் விடாமல் சமாளிக்கும் வழிகள்

கேரவன் வாகனத்தில் சுற்றுலா செல்லும் குடும்பத்திற்கு, இயந்திரக் கோளாறைவிடக் கழிப்பறைப் பழுது பெரிய சிக்கலாகிவிடக் கூடும். வண்டி நின்றுவிட்டால் மெக்கானிக்கையோ இழுவை வாகனத்தையோ அழைக்கலாம். கழிப்பறை உடைந்தால் யாரை அழைப்பது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. படுக்கை, சமையல் மேடை, குடிநீர்த் தொட்டி ஆகியவற்றுக்குச் சில அடி தொலைவிலேயே கழிவுத் தொட்டி இருப்பதால், சிறு கசிவும் உடல்நலப் பிரச்சினையாக மாறுகிறது.

இத்தகைய பழுதுகளில் பெரும்பாலானவை ரப்பர் வளையம், வால்வு போன்ற சிறிய பாகங்களில்தான் ஏற்படுகின்றன. அவற்றைச் சரிசெய்வது கடினமன்று. தொட்டியில் ஏற்கெனவே சேர்ந்துள்ள கழிவை எங்கே, யாரைக் கொண்டு, எப்படி அகற்றுவது என்பதே இந்தியச் சாலைகளில் உண்மையான கேள்வி.

கேரவன் சுற்றுலா: வாகனம் உண்டு, வசதி குறைவு

திரைப்படப் படப்பிடிப்புத் தளங்களில் மட்டுமே காணப்பட்ட கேரவன் வாகனங்கள், கடந்த சில ஆண்டுகளாகச் சுற்றுலாப் பயன்பாட்டிற்கும் வந்துள்ளன. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. அம்மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022இல் இடுக்கி மாவட்டம் வாகமனில் தொடங்கப்பட்டது. மகாராஷ்டிர அரசும் 2021இல் இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது.

மேலை நாடுகளில் முகாம் திடல்களிலும் நெடுஞ்சாலை ஓய்விடங்களிலும் கேரவன் கழிவை இறக்குவதற்கென்றே தனி இடங்கள் உள்ளன. இந்தியாவில் அத்தகைய இடங்கள் மிகக் குறைவு. எனவே, அங்கு எழுதப்பட்ட பழுதுநீக்கும் குறிப்புகளை இங்கு அப்படியே பின்பற்ற இயலாது.

எத்தனை வகைக் கழிப்பறைகள்?

பழுதைக் கண்டறியும் முன், வாகனத்தில் உள்ளது எந்த வகை என்பதை அறிய வேண்டும். பொதுவாக மூன்று வகைகள் பயன்பாட்டில் உள்ளன.

முதலாவது, நிலையான தொட்டி வகை. கழிப்பறைக் கோப்பைக்கு நேர் கீழே, வாகனத்தின் அடிப்பகுதியில் பெரிய கழிவுத் தொட்டி பொருத்தப்பட்டிருக்கும். மிதியை அழுத்தியதும் கோப்பையின் அடியிலுள்ள தகடு விலகி, கழிவு தொட்டிக்குள் விழும். தொட்டியை வெளியேற்று வால்வு வழியாகக் காலி செய்ய வேண்டும்.

இரண்டாவது, கேசட் வகை. கோப்பைக்குக் கீழே சுமார் 15 முதல் 20 லிட்டர் கொள்ளளவுள்ள சிறு தொட்டி இருக்கும். வாகனத்தின் வெளிப்புறக் கதவைத் திறந்து, பெட்டியைப் போல அதை இழுத்து எடுத்துச் சென்று காலி செய்யலாம்.

மூன்றாவது, கையில் தூக்கிச் செல்லக்கூடிய தனிக் கழிப்பறை. மேல் பாதியில் நீரும் கீழ்ப் பாதியில் கழிவும் இருக்கும். சிறிய வேன்களைக் கேரவனாக மாற்றியவர்கள் இதையே அதிகம் பயன்படுத்துகின்றனர்.

முதலில் செய்ய வேண்டியவை

கசிவோ உடைப்போ தெரிந்தவுடன், அனைவரும் அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். "ஒரு முறைதானே" என்று பயன்படுத்துவதால்தான் சிறிய கசிவு தரை முழுவதும் பரவுகிறது.

அடுத்து, வாகனத்தின் நீர் பம்பை அணைக்க வேண்டும். வெளியிலிருந்து குழாய் வழியாக நீர் இணைப்பு பெறப்பட்டிருந்தால் அதையும் மூட வேண்டும். வாகனத்தைச் சமதளத்தில் நிறுத்தி, சன்னல்களையும் கூரைத் திறப்பையும் திறந்துவைக்க வேண்டும். கழிவுத் தொட்டியில் உருவாகும் வாயுக்களில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் அடங்கும். முன்னது நச்சுத்தன்மை கொண்டது, பின்னது தீப்பற்றக்கூடியது. அடுப்பு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. தொட்டிக்குள் முகத்தை நுழைத்துப் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும்.

தரையில் கழிவு சிந்தியிருந்தால், ரப்பர் கையுறை அணிந்து, முதலில் காகிதத் துண்டுகளால் முழுமையாக ஒற்றி எடுத்து, சோப்பு நீரால் துடைத்த பின்னரே பிளீச்சிங் கரைசலைப் பயன்படுத்த வேண்டும். இந்த வரிசை முக்கியமானது. சிறுநீரிலுள்ள அம்மோனியாவுடன் பிளீச்சிங் கலந்தாலும், கடைகளில் கிடைக்கும் அமிலம் கலந்த கழிப்பறைக் கழுவுதிரவத்துடன் கலந்தாலும் நச்சு வாயு வெளியாகும். கேரவனின் சிறிய அறையில் அது மூச்சுத்திணறலை உண்டாக்கும்.

பழுது எங்கே? அறிகுறிகள் சொல்வது என்ன?

துர்நாற்றம் மட்டும் வந்து தரை உலர்ந்திருந்தால், கோப்பையில் சிறிது நீரை ஊற்றிப் பத்து நிமிடம் கவனிக்க வேண்டும். நீர் தானாக இறங்கிவிட்டால், தகட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தேய்ந்துள்ளது என்று பொருள். அந்த நீர்தான் தொட்டியின் வாயு மேலே வராமல் தடுக்கும் காப்பு. வளையத்தில் காகிதமோ உப்புப் படிவோ ஒட்டியிருந்தாலும் இதே நிலை ஏற்படும் என்பதால், முதலில் சுத்தம் செய்து பார்க்கலாம். சரியாகாவிட்டால் வளையத்தை மாற்ற வேண்டும். கேசட் வகையில் இவ்வளையத்தைப் பெரும்பாலும் பயணிகளே சில நிமிடங்களில் மாற்றிவிட முடியும்.

தரையில் நீர் தேங்கினால், அது நல்ல நீரா, கழிவுநீரா என்பதைப் பிரித்தறிவது அவசியம். தரையை நன்கு துடைத்து உலர்த்தி, கோப்பையின் பின்புறமும் அடிப்பகுதியைச் சுற்றியும் உலர்ந்த காகிதத்தை வைத்து, பம்பை ஒருமுறை இயக்க வேண்டும். பின்புறக் காகிதம் நனைந்தால் நீர் வரும் வால்விலோ இணைப்பிலோ கோளாறு உள்ளது. அது தூய நீர்க் கசிவு என்பதால் ஆபத்து குறைவு. நீரை வெளியேற்றும்போது மட்டும் அடிப்பகுதிக் காகிதம் நனைந்தால், கோப்பையையும் தொட்டியையும் இணைக்கும் வளையம் பழுதாகியுள்ளது. இதற்குக் கோப்பையைக் கழற்றித்தான் வளையத்தை மாற்ற முடியும். அதன் பின் திருகாணிகளை அளவுக்கு மீறி முறுக்கினால் பிளாஸ்டிக் அடிப்பகுதி வெடித்துவிடும்.

கேசட் தொட்டியை வெளியே இழுக்க முடியவில்லை எனில், பெரும்பாலும் மேலுள்ள தகடு முழுமையாக மூடப்படாததே காரணம். பலம்கொண்டு இழுத்தால் தகடு உடைந்து, நிரம்பிய தொட்டி வாகனத்திற்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். கோப்பைக்குள் சிறிது நீர் ஊற்றி, தடையாக உள்ள பொருளை அகற்றி, கைப்பிடியை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும்.

நிலையான தொட்டியில் அடைப்பு ஏற்படுவதற்கு முக்கியக் காரணம் நீரின் பற்றாக்குறை. நீரை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் குறைவாக ஊற்றினால், கோப்பைக்கு நேர் கீழே கழிவு கூம்பு போலக் குவிந்து இறுகிவிடும். தொட்டியில் ஓரளவு இடமிருந்தால் வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிடலாம்; கொதிநீர் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் சேதப்படுத்தும்.

வெளியேற்று வால்வு பழுதாகியிருப்பது மிகவும் எச்சரிக்கை தேவைப்படும் நிலை. வால்வு முழுமையாக மூடாத நிலையில் குழாய் முனையிலுள்ள மூடியைத் திறந்தால், தொட்டியில் உள்ளது முழுவதும் வெளியே கொட்டிவிடும். உறிஞ்சு லாரியின் குழாயோ பெரிய கலனோ தயாராக இருக்கும்போது மட்டுமே மூடியைத் தளர்த்த வேண்டும். தொட்டி காலியான பின், குழாய் முனையில் திருகிப் பொருத்தக்கூடிய கூடுதல் வால்வைத் தற்காலிகத் தீர்வாகப் பயன்படுத்தலாம்.

விரிசல் விட்ட தொட்டியைப் பசை கொண்டு ஒட்டும் முன், அது எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனது என்று பார்க்க வேண்டும். பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை பிடிக்காது; வெப்பத்தால் உருக்கி இணைக்கும் பிளாஸ்டிக் வெல்டிங் தேவைப்படும். ஏபிஎஸ் வகைக்கு அதற்கெனவுள்ள கரைப்பான் பசை போதும்.

மலைப் பயணத்தில் கூடுதல் கவனம்

லடாக், ஸ்பிதி போன்ற பகுதிகளில் இரவு வெப்பநிலை பூஜ்ஜியத்திற்குக் கீழே செல்லும்போது, வால்வுக்குள் தேங்கிய நீர் உறைந்து சுமார் 9 சதவீதம் விரிவடைகிறது. அதனால் பிளாஸ்டிக் வால்வு வெடிக்கிறது. காலையில் பனி உருகிய பின்னரே கசிவு வெளிப்படும். இரவில் பம்பை அணைத்து, குழாய்களிலுள்ள நீரை வடித்துவிடுவதே பாதுகாப்பு. வாகன ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நச்சுத்தன்மை கொண்டது என்பதால் அதை நீர்க் குழாய்களில் பயன்படுத்தக் கூடாது.

சமவெளியில் இறுக மூடப்பட்ட கேசட் தொட்டியை, சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் திறக்கும்போது, உள்ளிருக்கும் காற்றழுத்தத்தால் கழிவு தெறிக்கக்கூடும். தொட்டியிலுள்ள காற்றுப் பொத்தானை முதலில் அழுத்தி அழுத்தத்தைக் குறைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

சேர்ந்துள்ள கழிவை எங்கே அகற்றுவது?

ஆள் நடமாட்டமற்ற சாலையோரத்திலோ ஓடையிலோ வால்வைத் திறந்துவிடுவது தீர்வாகாது. நீர்நிலைகளில் மாசுப் பொருள்களைக் கலப்பதை 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவு தடை செய்கிறது. மலைப் பகுதிகளில் அந்த ஓடையே கீழுள்ள கிராமத்தின் குடிநீராக இருக்கக்கூடும். தண்டவாளத்தில் கழிவைக் கொட்டிவந்த ரயில் பெட்டிகளில் 2011 முதல் உயிரிக் கழிப்பறைகளைப் பொருத்தி இந்திய ரயில்வே அவ்வழக்கத்தைக் கைவிட்டது. கேரவன்கள் அதைச் சாலைகளில் மீண்டும் தொடங்கிவைக்கக் கூடாது.

கேசட் அல்லது கையடக்கத் தொட்டி எனில், தங்கும் விடுதியிலோ கேரவன் பூங்காவிலோ உரிமையாளரின் அனுமதியுடன் கழிப்பறையில் மெதுவாக ஊற்றி, நீர் விட்டுக் கழுவலாம். தொட்டியில் ஃபார்மால்டிஹைடு கலந்த வேதித் திரவம் பயன்படுத்தியிருந்தால், அது செப்டிக் டேங்கில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைப் பாதிக்கும் என்பதை விடுதியினரிடம் தெரிவிக்க வேண்டும். நொதி அடிப்படையிலான திரவங்களில் இச்சிக்கல் இல்லை.

நிலையான தொட்டி எனில், அருகிலுள்ள நகராட்சியை அணுகி, செப்டிக் டேங்க் கழிவை உறிஞ்சும் லாரியை வரவழைக்க வேண்டும். நகர்ப்புறங்களில் இச்சேவையைப் பெறுவதற்கு 14420 என்ற உதவி எண் உள்ளது. மலக்கசடு மேலாண்மைக்கான தேசியக் கொள்கை 2017இல் வெளியிடப்பட்டது. அதற்கு முன்பே, 2015இல் கர்நாடகத்தின் தேவனஹள்ளியில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கப்பட்டது. லே நகரில் 2017இல் இத்தகைய நிலையம் செயல்படத் தொடங்கியது. லாரி கழிவை எங்கே கொண்டுசெல்கிறது என்று கேட்டறிவதும் பயணியின் பொறுப்பே.

யாரையும் இறக்கிவிடக் கூடாது

இத்தகைய நேரங்களில், சிறு தொகை கொடுத்து உள்ளூர்த் தொழிலாளி ஒருவரை அழைத்து, வெறுங்கையால் அடைப்பை எடுக்கச் சொல்லும் வழக்கம் நாட்டில் இன்னும் மறையவில்லை. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணியில் ஈடுபடுத்துவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் இயற்றப்பட்டது. அதன் 7ஆவது பிரிவு, சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் அபாயகரமான முறையில் சுத்தம் செய்வதற்கு ஆள்களை ஈடுபடுத்துவதைத் தடுக்கிறது. அதை மீறினால் முதல் முறை 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் மீறினால் இவ்வரம்பு 5 ஆண்டுகள், 5 லட்சம் ரூபாயாக உயரும்.

சாக்கடைப் பணியில் இறப்போரின் குடும்பத்திற்கான இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேரவனின் சிறு தொட்டியும் இச்சட்டத்தின் நோக்கத்திற்கு விலக்கன்று. பயணியின் வசதிக்காகப் பிறர் உடல்நலத்தைப் பணயம் வைக்க முடியாது. உரிய கருவியும் கையுறையும் முகக்கவசமும் இன்றி எவரையும் இப்பணியில் ஈடுபடுத்தக் கூடாது.

பழுது நீங்கும் வரை மாற்று ஏற்பாடு

பெட்ரோல் நிலையங்களில் வாடிக்கையாளர்களுக்குக் கழிப்பறை வசதி இலவசமாக வழங்கப்பட வேண்டும் என்பது விதி. பகல் பயணத்தை அவற்றை ஒட்டித் திட்டமிடலாம். இரவு நேரத்திற்கும், குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள் உடன் இருந்தால் அவர்களுக்கும், மடிக்கக்கூடிய இருக்கையும் நீரை உறிஞ்சிக் கூழாக்கும் தூள் கொண்ட பைகளும் கைகொடுக்கும். பயன்படுத்திய பைகளை இறுகக் கட்டி, டயப்பர் கழிவைப் போலவே தனியாக ஒப்படைக்க வேண்டும். கழிப்பறை இல்லை என்பதற்காகப் பெண்களும் முதியோரும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கும்.

வாடகைக்கு எடுக்கும் முன்

வாடகைக் கேரவன் எனில், வாகனத்தைப் பெறும்போதே கோப்பையில் நீர் ஊற்றி, அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தொட்டி காலியாக ஒப்படைக்கப்பட்டுள்ளதா, வால்வு எளிதாக நகர்கிறதா என்பதைச் சோதித்துக் காணொளியாகப் பதிவு செய்துகொள்வது நல்லது. வழியில் பழுது ஏற்பட்டால் செலவு யாருடையது, முன்பணத்தில் பிடித்தம் உண்டா என்பவை ஒப்பந்தத்தில் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். பழுதைத் தாமாகச் சரிசெய்யும் முன் நிறுவனத்திற்குத் தகவல் அளிப்பது பின்னர் எழும் தகராறைத் தவிர்க்கும்.

சொந்த வாகனம் வைத்திருப்போர், கழிப்பறையின் மாதிரி எண்ணைக் குறித்துவைத்து, அதற்குரிய ரப்பர் வளையம் ஒன்றைக் கூடுதலாக எடுத்துச் செல்லலாம். உதிரி பாகங்கள் எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை. வளையத்திற்குச் சிலிக்கான் எண்ணெய் இடலாம். பெட்ரோலியம் ஜெல்லி ரப்பரை உப்பச் செய்யும். தொட்டிக்குள் பிளீச்சிங், ஈரத் துடைப்பான்கள், நாப்கின்கள் போன்றவற்றைப் போடாமல், ஒவ்வொரு முறையும் போதிய நீர் ஊற்றினாலே பெரும்பாலான பழுதுகளைத் தவிர்த்துவிடலாம்.