மீண்டும் மீண்டும் சொட்டும் எண்ணெய்

லூபோக் சீனா வட்டாரத் தோட்டங்களில் லேண்ட் ரோவர் வண்டியை அறியாதவர் குறைவு. இங்கிலாந்தில் தயாராகி 1948-இல் வெளிவந்த வண்டி இது. அதே ஆண்டு தொடங்கி 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாவில் இராணுவமும் காவல்துறையும் இதைப் பயன்படுத்தின. தோட்டத்துச் செம்மண் பாதைக்கும் இது ஏற்றதாயிற்று. அதன் வழிவந்த பழைய வடிவத்தின் உற்பத்தி 2016-இல் நின்றுவிட்டது. ஆனாலும் கைமாறி வந்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

எங்கள் லயத்தில் மூன்று குடும்பங்கள் கூட்டாகச் சேர்ந்து, செம்பனைக் குலை ஏற்ற அப்படியொரு பழைய வண்டியை வாங்கின. போனஸ் பணம் முழுதும் அதில் போயிற்று. வாங்கிய மாதமே அடியில் கறுப்பு எண்ணெய் சொட்டியது. பட்டறையில் கியர் பெட்டியையே இறக்கிப் பின்பக்க ஆயில் சீலை மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் மறுபடியும் சொட்டு. மறுபடியும் சீல், மறுபடியும் செலவு. "லேண்ட் ரோவரில் எண்ணெய் ஒழுகவில்லை என்றால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்" என்று சிலர் கேலி பேசினார்கள். கடன் கட்டுகிறவர்களுக்கு அது சிரிப்பாக இல்லை.

சீல் கெடக் காரணம் என்ன என்று பார்க்க வேண்டாமா? சோறு கொதிக்கும்போது பானை மூடியை இறுக அழுத்தினால், கஞ்சி விளிம்பைப் பீறிக்கொண்டு வழியும். எஞ்சினும் அப்படித்தான். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சிறிது புகை எப்போதும் கீழே இறங்கும். அது வெளியேற ஒரு மூச்சு வழி உண்டு. பழைய 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில், எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியே அந்த வேலையையும் செய்யும். அதனுள் கம்பி வலை இருக்கும். வலையில் கசடு அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெயைச் சீல் வழியே தள்ளும். புதிய சீல் போட்டாலும் கதி அதேதான்.

நாங்கள் அந்த மூடியைக் கழற்றிப் பார்த்தபோது வலை தார் பிடித்ததுபோல் இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, நன்றாக உலர்த்தி மாட்டினோம். பின்பு, குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு தேய்த்து, துடைத்து, இணைப்புகளின் மேல் முகப் பவுடர் தூவி, சிறிது தூரம் ஓட்டினோம். எண்ணெய் கசியும் இடத்தில் பவுடர் நனைந்துவிடும். நனைந்தது மேல் மூடியின் தக்கைக் கேஸ்கெட்டின் பின்மூலை! அங்கிருந்து எஞ்சினின் முதுகு வழியே இறங்கிக் கீழே சொட்டியதைத்தான் பின்பக்கச் சீலின் கசிவு என்று நினைத்திருந்தார்கள். தக்கை நசுங்கியிருந்தது, ஒழுகுகிறதே என்று யாரோ நட்டை மிஞ்சி முறுக்கியிருக்கிறார்கள்.

வலையைக் கழுவிய பிறகும், எஞ்சின் ஓடும்போது அந்த வாயிலிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் வளையங்களே தேய்ந்திருக்கக்கூடும். அப்போது சீலுக்குச் செலவழிப்பது வீண்.

இன்னொன்று. இந்த வண்டிகளில் கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு துளை உண்டு. ஓடையில் இறங்கும்போது மட்டும் அதற்குத் திருகடைப்பான் போடுவார்கள். கரையேறியதும் கழற்ற மறந்தால், கசியும் எண்ணெய் உள்ளேயே தேங்கிக் கிளட்சில் படும். சுமையோடு மேடு ஏறும்போது கிளட்ச் வழுக்கும்.

அளவுக் கம்பியைத் தினமும் காலையில் துடைத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே எண்ணெய் இருந்தால், குலை அழுகினாலும் சரி, வண்டியை எடுக்காதீர்கள்.