பூசப் பூசச் சுவர் ஏன் பொரிகிறது? பேஸ்மட்டத்தை ஈரமில்லாமல் காப்போம்!



சென்ற கார்த்திகை மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பதிவேடுகளைக் கேட்டதும் ஊக்குநர் அக்கா சுவரோரம் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியில் இருந்த தீர்மானப் புத்தகமும் சேமிப்புப் பேரேடும் நமுத்துப்போய், பக்கத்தோடு பக்கம் ஒட்டியிருந்தன. மூன்று வருடக் கணக்கு! அக்கா அழுதேவிட்டார்.

"ரெண்டு தடவ செவுத்தப் பூசிட்டேம்மா. ரெண்டு தடவையும் குழுவுலதான் கடன் வாங்குனேன். மழ வந்தா திரும்பவும் பொரிஞ்சு விழுது" என்றார்.

அக்கா பூசியது தப்பில்லை. தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்காமல் பூசியதுதான் தப்பு. இந்தத் தப்பு நம்மில் பலர் வீட்டில் நடக்கிறது.

ஓதம் எப்படி ஏறுகிறது?

கடைக்காலுக்கு மேலே, சுவர் தொடங்கும் வரை கட்டுவதை நாம் பேஸ்மட்டம் என்கிறோம். அதன் ஓரத்தில் தண்ணீர் தேங்கினால், விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல செங்கல் ஈரத்தை உறிஞ்சும். மண்ணில் உள்ள உப்பும் கூடவே ஏறும். பெரும்பாலும் மூன்றடி உயரம் வரை போகும். ஈரம் காயும்போது உப்பு வெள்ளையாகப் பூத்து, பூச்சைத் தள்ளிவிடும்.

ஈரச் சுவரில் கெட்டியாக சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே காய வழி இல்லை. அது பூச்சுக்கு மேலே ஏறி அங்கே பொரியும். "போன வருசம் ரெண்டடி, இந்த வருசம் மூணடி" என்று சொல்கிறோமே, அது இதனால்தான்.

நஷ்டம் சுவரோடு நிற்பதில்லை. அரிசி மூட்டை, பிள்ளைகளின் புத்தகம், சான்றிதழ் எல்லாம் கெடும். கதவு நிலையில் கறையான் ஏறும். பூஞ்சணம் பிடித்த அறையில் படுத்தால் இளைப்பு உள்ள குழந்தைகளுக்குத் தொந்தரவு அதிகமாகும்.

முதலில் சோதித்துப் பாருங்கள்

ஓர் அடி சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் மேல்பக்கம் நீர் கோத்திருந்தால் அது அறைக் காற்றில் உள்ள ஈரம். அதற்கு ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட வேண்டும், ஈரத்துணியை உள்ளே காயப்போடக் கூடாது.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

மழை பெய்யும்போது குடை பிடித்து வீட்டைச் சுற்றி ஒரு சுற்று வாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

• சுவரை ஒட்டி பாத்திரம் கழுவுவது, குளிப்பது, துணி துவைப்பது வேண்டாம். இடத்தை மாற்றுங்கள், அல்லது தண்ணீரை வாய்க்கால் வெட்டித் தோட்டத்துக்கு விடுங்கள்.
• சுவரோரம் குவித்த மண், விறகு, எருவை அப்புறப்படுத்துங்கள். வாழையைத் தள்ளி வையுங்கள்.
• மாடித் தண்ணீர் இறங்கும் குழாய் சுவரடியில் கொட்டாதபடி நீட்டி விடுங்கள்.
• சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு மண் போட்டு, வெளிப்பக்கம் சரிவாக இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். முடிந்தவர்கள் பின்னால் அதன் மேல் சிமெண்ட் தளம் போடலாம்.

தெருவில் ரோட்டுக்கு மேல் ரோடு போட்டு வீடு பள்ளமாகிவிட்டதா? பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் புதியது போட வேண்டும் என்று கிராம சபையில் மனு கொடுங்கள். அக்டோபர் 2 கிராம சபை அடைமழைக்கு முன்னாலேயே வருகிறது. ஒருவர் கேட்பதைவிட குழுவாகக் கேட்டால் பலம்.

பூச்சு கடைசியில்தான்

தண்ணீரை நிறுத்திய பிறகு ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடுங்கள். ஓதக் கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை பழைய பூச்சைக் கொத்தி எடுங்கள். பூத்த உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டித் தள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். பழைய வீட்டுக்குச் சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு அடிப்பதும் நல்லது, சுவர் மூச்சு விடும். பெயிண்ட் ஈரத்தை அடைத்துவிடும்.

புது வீடு கட்டுபவர்கள் கவனிக்க!

பேஸ்மட்டம் சுற்றுத் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது. தெரு உங்கள் இடத்தைவிட உயரமாக இருந்தால் தெரு மட்டத்திலிருந்து கணக்குப் போடுங்கள். அதன் மேல் சுவர் எழுப்பும் முன் ஒன்றரை அங்குலத்துக்கு ஈரத்தடுப்புக் கான்கிரீட் போட வேண்டும். கொத்தனார்கள் 'டி.பி.சி.' என்பார்கள். கலவை 1 சிமெண்ட், 2 மணல், 4 சிறு ஜல்லி, கூடவே நீர்த்தடுப்பு மருந்து. காய்ந்ததும் மேலே தார் பூசுவது நல்லது. உப்புத் தண்ணீரும் கடல் மணலும் கூடாது.

அரசு வீட்டுத் திட்டத்தில் பேஸ்மட்டம் முடிந்து தவணை வரும்வரை வேலை நிற்கும் அல்லவா? அந்த நேரத்தில் கொத்தனாரிடம் கேளுங்கள்: "அண்ணே, டி.பி.சி. போட்டாச்சா?" சுவர் எழும்பிவிட்டால் சுலபமாகச் செய்ய முடியாது.

அந்த அக்கா வீட்டில்...

பாத்திரம் கழுவுகிற தண்ணீர் சுவரடியில்தான் நின்றது. குழுவில் ஆறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு போய் வாய்க்கால் வெட்டி, மண் அணைத்துக் கொடுத்தார்கள். பங்குனியில் பார்த்தேன், சுவர் காய்ந்து வருகிறது. வைகாசிக்குப் பிறகுதான் பூச்சு. அழிந்த கணக்கை வங்கிப் பாஸ்புக்கையும் உறுப்பினர் பாஸ்புக்குகளையும் வைத்து நான்கு கூட்டங்களில் திரும்ப எழுதி முடித்தோம். பெட்டி இப்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கல் மேல் இருக்கிறது.

சகோதரிகளே! அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள். வீடு பழுதுபார்க்கக் கடன் கேட்டு மனு வந்தால், இரண்டு உறுப்பினர்கள் நேரில் போய், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகே கொடுப்பது எனத் தீர்மானம் போடுங்கள். மறுக்கத்தான் போக வேண்டும் என்பதில்லை. வாங்குகிற கடன் ஒரு மழையில் கரையாமல் இருக்கவே போக வேண்டும்.