வேதாளம் ஏன் மீண்டும் மீண்டும் முருங்கை மரம் ஏறுகிறது?

(தொடர்கதைகளில் திரும்பி வரும் மாந்தர்களையும் இடங்களையும் பற்றிய தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைச் சொன்னவுடன் எனக்கு என் பேத்தியின் நினைவுதான் வந்தது. கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கிறாள். இரவில் படுக்கப் போகும் முன் அவளுக்கு விக்கிரமாதித்தன் கதை சொல்வது என் வழக்கம். ஒரு வாரம் கேட்டாள். எட்டாம் நாள் கதையை ஆரம்பிக்கும் முன்பே, “தாத்தா, கடைசியில அந்த வேதாளம் என்னதான் ஆச்சு?” என்று கேட்டுவிட்டாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சிறுவயதில் அம்புலிமாமா படித்து வளர்ந்தவன் நான். அந்தக் கதைகளில் எத்தனையோ படித்திருக்கிறேன். ஆனால் முடிவை மட்டும் படித்ததே இல்லை! நான் மட்டுமல்ல, என் வயதுக்காரர்கள் பலரும் படித்திருக்க மாட்டார்கள். அது ஏன் என்று தேடிப் பார்த்ததில் கிடைத்த செய்திகளைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பேத்திக்கு ஓர் அண்ணன் இருக்கிறான். மூன்றாம் படிவம். ஹாரி பாட்டர் நூல்கள் ஏழையும் ஆங்கிலத்தில் இரண்டு முறை படித்து முடித்தவன். ஆனால் பாடநூலைத் தவிர வேறு தமிழ்ப் புத்தகம் அவன் கையில் இருந்து நான் பார்த்ததில்லை. இந்த இரண்டு பிள்ளைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

மாறாத மாந்தர்கள்

வேதாளக் கதைகள் மிகப் பழமையானவை. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரம் என்ற வடமொழி நூலுக்குள் இவை இருக்கின்றன. மொத்தம் 25 கதைகள் என்பது மரபு. ஒரு யோகியின் வேண்டுகோளுக்காக அரசன் நள்ளிரவில் சுடுகாட்டுக்குப் போகிறான். மரத்தில் தொங்கும் பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லி, இறுதியில் ஒரு கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அரசனின் தலை வெடித்துவிடும். வாய் திறந்து சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரத்துக்கே போய்விடும். நம் வீடுகளில் ஒருவர் பழைய பழக்கத்துக்குத் திரும்பினால், வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிட்டது என்கிறோமே, அந்தப் பழமொழி இங்கிருந்து வந்ததுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, அரசன் மாறுவதே இல்லை. அவனுக்கு வயது கூடுவதில்லை, அலுப்புத் தட்டுவதில்லை. சுடுகாடும் மரமும் அப்படியே இருக்கின்றன. மாறுவது உள்ளே வரும் கதை மட்டும்தான். குழந்தைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். தெரிந்த வீட்டுக்குள் நுழைந்து புதிய பண்டத்தைத் தின்பது போன்ற சுகம் அது. ஆட்களையும் இடத்தையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டியதில்லை. மொழி கொஞ்சம் கடினமாக இருந்தாலும், அடுத்து என்ன நடக்கும் என்பது பாதி தெரிந்திருப்பதால் பிள்ளை தடுமாறாமல் படித்துக்கொண்டு போகும்.

1947இல் சென்னையில் தொடங்கப்பட்ட அம்புலிமாமா இந்தச் சுகத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய இதழ் அது. பழைய 25 கதைகள் தீர்ந்த பிறகும் தொடர் நிற்கவில்லை. புதிய புதிய கதைகளை வேதாளத்தின் வாயில் வைத்துப் பல்லாண்டுகள் நடத்தினார்கள். தோளில் பிணமும் கையில் வாளுமாக அரசன் நடந்துவரும் அந்தப் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். கே.சி. சிவசங்கரன் என்பது அவருடைய முழுப்பெயர். 2020இல் மறைந்தார். அந்த ஒரு படம் போதும்; பக்கத்தைத் திறந்தவுடன் நாம் சுடுகாட்டில் நின்றோம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கடையில் தொங்கிய இதழை வாங்கிய பிள்ளைகள், பலர் முதலில் புரட்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

ஆக, நாங்கள் முடிவைப் படிக்காததற்குக் காரணம் இதுதான். முடிவைச் சொன்னால் தொடர் நின்றுவிடும். அதனால் வேதாளம் மாதாமாதம் மரம் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் வேதாளம் முடியவில்லை, இதழ்தான் முடிந்தது. 2010களின் தொடக்கத்தில் அது அச்சில் வருவது நின்றுபோனது.

விதி ஒன்றுதான், வாசலும் அதுதான்

ஆனால் மூலக்கதைக்கு முடிவு உண்டு. மிக அழகான முடிவு.

கடைசிப் புதிரில் ஓர் அரசனும் அவன் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். பெரிய தடத்துக்குரியவளைத் தந்தையும், சிறிய தடத்துக்குரியவளை மகனும் மணப்பது என்று பேசிக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் அவர்கள் தாயும் மகளும். பெரிய கால் மகளுக்கு! சொன்ன சொல் தவறாமல் தந்தை மகளை மணக்கிறான், மகன் தாயை மணக்கிறான். இரண்டு பக்கமும் பிள்ளைகள் பிறந்தால், அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை? வேதாளம் கேட்கிறது.

அண்ணன், மாமன், சித்தப்பா என்று முறை வைத்தே பேசிப் பழகிய நமக்கே தலை சுற்றும். அரசனுக்கும் விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். இங்கேதான் நுட்பம் இருக்கிறது. தெரிந்தும் சொல்லாவிட்டால்தானே தலை வெடிக்கும்? உண்மையிலேயே தெரியாதவனுக்கு ஆபத்தில்லை. முதல் கதையில் சொன்ன விதியே கடைசிக் கதையில் வெளியேறும் வாசலாகிறது.

வேதாளம் மகிழ்ந்து யோகியின் சூழ்ச்சியைச் சொல்லிவிடுகிறது. அரசனை விழுந்து வணங்கச் சொல்லி, அந்த வேளையில் பலியிடுவது யோகியின் திட்டம். “எப்படி வணங்குவது என்று நீங்களே காட்டுங்கள்” என்று அரசன் கேட்க, யோகி குனிய, அரசனின் வாள் முந்திக்கொள்கிறது.

மாயாஜாலத் தொடர் எழுத நினைப்பவர்களுக்கு இது பெரிய பாடம். மந்திரம் இருக்கிறது என்பதற்காக எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று எழுதக்கூடாது. விதியை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு எத்தனை பாகம் எழுதினாலும் அதை மீறக்கூடாது.

வளரும் மாந்தர்கள்

ஹாரி பாட்டர் இதற்கு நேர்மாறான வகை. 1997 முதல் 2007 வரை வந்த ஏழு நூல்கள். முதல் நூலில் பையனுக்குப் பதினொரு வயது. ஒரு நூலுக்கு ஓராண்டாக வளர்ந்து, கடைசியில் பதினேழு வயது இளைஞனாகிறான். ஆண்டாம் ஆண்டாகக் காத்திருந்து படித்த பிள்ளைகளும் அவனோடு சேர்ந்தே வளர்ந்தார்கள்.

இங்கே பள்ளிக்கூடமும் இரயில் நிலையமும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் வரும் பையன் மாறியிருக்கிறான். முதலாண்டில் அவனை மிரட்டிய இடம் பிறகு அவன் பாதுகாக்கும் இடமாகிறது. சின்னச் சின்னப் பொருள்கூட வீணாவதில்லை. முதல் நூலில் விளையாட்டின்போது தற்செயலாக அவன் வாயால் பிடித்த ஸ்னிச் என்ற சிறிய பந்து, ஏழாம் நூலில் அவன் உதடு பட்டதும் தன் இரகசியத்தைக் காட்டுகிறது. கவனமாகப் படித்த பிள்ளைக்கு அது பரிசு கிடைத்த மாதிரி. என் பேரன் இரண்டு முறை படித்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பின்னால் நடந்தது முன்னால் வந்தால்...

மூன்றாவது வகைக்கு நம் கல்கியே சான்று. அவை மாயாஜாலக் கதைகள் அல்ல, சரித்திரக் கதைகள். ஆனால் மாந்தர்களைத் திரும்ப வரவழைக்கும் கலையை அவரிடம் கற்கலாம்.

1941இல் அவர் பார்த்திபன் கனவைத் தொடங்கினார். அதில் நரசிம்மவர்மர் வயதான சக்கரவர்த்தி; சிவனடியாராக மாறுவேடத்தில் உலவுகிறார். சிறுத்தொண்டர் பக்தராக வருகிறார். பிறகு 1944 முதல் 1946 வரை சிவகாமியின் சபதம். அதே நரசிம்மர் இங்கே காதல் வயப்பட்ட இளவரசர். அதே சிறுத்தொண்டர் இங்கே பரஞ்சோதி என்னும் கிராமத்து இளைஞன். படிப்பதற்காகக் காஞ்சி நகருக்குள் நுழைகிறான்.

முதல் நாவலைப் படித்தவருக்கு இவர்கள் பின்னாளில் என்ன ஆவார்கள் என்று தெரியும். அதனால் சுவை குறைந்ததா? கூடியது! பரஞ்சோதி வாளெடுத்து வாதாபியை நோக்கிப் போகும்போது, இந்தக் கை ஒருநாள் வாளைக் கீழே வைக்கும் என்று நமக்குத் தெரிகிறது. சிவகாமியின் ஆசையைப் படிக்கும்போது நமக்கு முன்கூட்டியே நெஞ்சு கனக்கிறது. முடிவு தெரிந்தும் படிக்க வைப்பது சாதாரண வேலையல்ல.

இடமும் ஒரு பாத்திரம்தான்

ஆங்கிலத்தில் சி.எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா கதைகளிலும் இதே முறையைக் காணலாம். 1950இல் வந்த முதல் நூலில், பனிக்காட்டின் நடுவே காரணமே இல்லாமல் ஒரு தெருவிளக்குக் கம்பம் நிற்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்பதற்கு 1955இல் வந்த நூலில்தான் விடை. ஐந்து ஆண்டுகள் ஒரு விளக்குக் கம்பம் கதையைச் சுமந்து நின்றிருக்கிறது!

நமக்கும் அப்படி ஓர் இடம் உண்டு: கடாரம். சாண்டில்யனின் கடல் புறாவைப் படித்தவர்கள் அதை மறக்க முடியுமா? தமிழ்நாட்டு வாசகருக்கு அது தொலைதூரத்துக் கனவுத் தேசம். நமக்கோ வடக்கு நெடுஞ்சாலையில் காரில் போய் இறங்கக்கூடிய கெடா மாநிலம். பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்களை இன்றும் பார்க்கலாம். கதையில் வந்த இடத்தில் கால் வைக்கும் பாக்கியம் நமக்கு இருக்கிறது.

வாசகர்கள் விடமாட்டார்கள்

எழுத்தாளர் அலுத்துப் போனாலும் வாசகர் விடுவதில்லை. அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் பாம், ஓஸ் என்ற மாய நாட்டைப் பற்றி 1900இல் எழுதத் தொடங்கினார். 1910இல் ஆறாவது நூலோடு முடித்துவிட விரும்பி, அந்த நாடு வெளியுலகத் தொடர்பே இல்லாமல் மூடப்பட்டுவிட்டது என்று எழுதினார். பிள்ளைகள் கேட்டால்தானே! பணமுடையும் சேர்ந்துகொள்ள, 1913இல் மீண்டும் எழுதினார். மூடிய நாட்டின் செய்தி எப்படிக் கிடைத்ததாம்? கம்பியில்லாத் தந்தி மூலம் கிடைத்ததாம்! மொத்தம் 14 ஓஸ் நூல்கள் எழுதினார்.

நம் வட்டாரத்துக்கு ஒரு தொடர்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். இந்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குத் திருக்குறள் தெரியும், மனனப் போட்டியில் பரிசும் வாங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால், “அடுத்த பாகம் எப்போது வரும்?” என்று அவர்கள் கேட்கும் தமிழ்க் கதை எத்தனை இருக்கிறது? தமிழில் நாம் அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒருமுறை வந்து போகும் மாந்தர்களைத்தான் கொடுக்கிறோம். கதை முடியும், நீதி வரும், புத்தகம் மூடும். அடுத்த நாள் தேடிப் போக ஆள் இல்லை.

தமிழை விட்டு விலகும் பிள்ளைக்கு மொழிப்பற்றைப் பற்றிப் பேசி மட்டும் பயனில்லை. அவனுக்குத் தமிழில் ஒரு நண்பன் வேண்டும். அவனைப் பார்க்க மீண்டும் வருவான்; வரும்போது மொழியும் கூடவே வரும்.

நம் எழுத்தாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிள்ளான் தெங்கு கிளானா சாலையையும், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையையும், பத்துமலைக் குகையையும் வைத்து ஒரு மாயத் தொடர் எழுதுங்கள். மூன்று பிள்ளைகள் போதும். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்: யாருக்கு என்ன வயது, யார் கையில் தழும்பு, மந்திரத்தின் விதி என்ன என்று எழுதி வையுங்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதிய கோனன் டாயிலே வாட்சனின் போர்க்காயத்தை ஒரு நூலில் தோளிலும் அடுத்த நூலில் காலிலும் எழுதிவிட்டார். வாசகர்கள் இன்றுவரை விடவில்லை!

பேத்திக்கு ஒருநாள் முடிவைச் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்படின்னா இனிமே கதை இல்லையா?” என்றாள். முகம் வாடிவிட்டது. மறுநாள் அவளே ஆரம்பித்தாள். வேதாளம் கிள்ளானில் கொமுட்டர் இரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போகிறதாம்.

பக்கத்து அறையில் இருந்து அண்ணன் குரல் கொடுத்தான்: “பறக்கத் தெரிஞ்ச வேதாளத்துக்கு இரயில் எதுக்கு?” அவளுக்குப் பதில் தெரியவில்லை. அவனே வந்து உட்கார்ந்தான். பகலில் பறக்கக்கூடாது என்று ஒரு விதி வைத்தான். பிறகு அந்த விதிக்கு ஒரு காரணம் சொன்னான். அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். எல்லாம் தமிழில்.

நான் குறுக்கே பேசவில்லை. வேதாளத்தைத் தோளில் சுமந்தவனுக்கு மௌனத்தின் அருமை தெரியும் அல்லவா?