இலங்கைப் பயணப் பாதுகாப்பு

இலங்கைப் பயணப் பாதுகாப்பு என்பது, வெப்பமண்டலத் தீவு நாடான இலங்கைக்குச் செல்வோர் வானிலை, கடல், நோய், போக்குவரத்து ஆகியவற்றால் ஏற்படக்கூடிய இடர்களை அறிந்து தவிர்ப்பதைக் குறிக்கும். இக்கட்டுரை தமிழ்நாட்டின் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து செல்வோரை முன்வைத்து எழுதப்பட்டது. இவ்வட்டாரத்தினருக்கு இலங்கையின் வெயிலோ மழையோ மொழியோ புதிதன்று. எனினும் இந்த ஒற்றுமையே வேறுபாடுகளைக் கவனிக்கத் தவறச் செய்கிறது.

பயண வழிகள்

1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னை எழும்பூரிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் தனுஷ்கோடி சென்ற போட் மெயில் தொடருந்தும், அங்கிருந்து தலைமன்னார் சென்ற கப்பலும் முதன்மை வழியாக இருந்தன. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடைபெற்ற கப்பல் சேவையும் 1980களில் நின்றது. இன்று பெரும்பாலோர் சென்னை மீனம்பாக்கத்திலிருந்து வானூர்தியில் செல்கின்றனர். நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. கடல் கொந்தளிக்கும் பருவத்தில் இச்சேவை நிறுத்தப்படுவதுண்டு.

வானிலை

இலங்கையில் இரு பருவக்காற்றுகளும் மழை தருகின்றன. விழுப்புரத்தில் கத்திரி வெயில் முடியும் மே மாத இறுதியில், இலங்கையின் தென்மேற்குப் பகுதியில் மழை வலுக்கிறது. 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் மே மாதத்திலேயே அங்கு பெரும் வெள்ளமும் மண்சரிவும் நேர்ந்தன. ஆகவே கோடை விடுமுறையின் இறுதியில் மலையகம் செல்வோர் வானிலை அறிவிப்புகளைக் கவனிப்பது இன்றியமையாதது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலம் இரு கரைகளுக்கும் பொதுவான புயற்காலம் ஆகும். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பதிவானது. சென்னை வானூர்தி நிலையம் பல மணி நேரம் மூடப்பட்டது. அடுத்த சில நாட்களில் விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் இடையே தொடருந்துகளும் நிறுத்தப்பட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலினால் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையகத்தில் மண்சரிவுகளே பேரழிவை ஏற்படுத்தின. இக்காலத்தில் செல்வோர், பயணத்தைத் தள்ளிவைக்க இடமளிக்கும் பயணச்சீட்டையும் மாற்று நாட்களையும் திட்டமிடுவது நல்லது.

கடல்

மே முதல் செப்டம்பர் வரை மேற்கு, தெற்குக் கரைகளிலும், ஏறத்தாழ நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கரையிலும் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அலைகள் கரையில் சேர்க்கும் நீர், ஒடுங்கிய பாதை வழியாக வேகமாகக் கடலுக்குத் திரும்புவது இழுவை நீரோட்டம் எனப்படும். அப்பாதையில் அலை குறைவாக இருப்பதால், நீந்த ஏற்ற இடம் போலத் தோன்றும். இதில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் இட்டால் களைத்துப்போவார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாக நீந்தி ஓட்டத்திலிருந்து விலகிய பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும். சிவப்புக் கொடி ஏற்றப்பட்ட இடத்தில் கடலில் இறங்கக்கூடாது.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மரக்காணம் கரையையும் அது தாக்கியது. நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலோ கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுப்பகுதிக்குச் செல்ல வேண்டும்.

நோய்கள்

குடியேற்றவாதக் காலத்தில், தோட்டத் தொழிலாளர்கள் நோய்த்தடுப்புக்காக மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்ட பின்னரே இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். இன்றும் நோய், பயணியுடன் அங்கு செல்லக்கூடும். உலக சுகாதார அமைப்பு 2016 செப்டம்பரில் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. எனவே காய்ச்சலுடன் வருபவருக்கு மலேரியா இருக்கலாம் என மருத்துவர் உடனே ஐயுறாமல் போகலாம். இந்தியாவிலிருந்து வந்ததைப் பயணி முதலிலேயே தெரிவிப்பது உயிர்காக்கும்.

டெங்கு அங்கு பரவலாக உள்ளது. 2017 இல் 1,80,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். இந்நோயைப் பரப்பும் கொசு பகலில் கடிக்கும். டெங்கு ஐயம் உள்ளபோது ஆஸ்பிரின், இபுப்ரோபென் ஆகியவை குருதிப்போக்கைக் கூட்டக்கூடும் என்பதால் தவிர்க்கப்படுகின்றன. நாய், குரங்கு ஆகியவை கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சொல் வேறுபாடுகள்

தமிழ் இலங்கையின் ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆயினும் எச்சரிக்கைப் பலகைகளிலும் அறிவிப்புகளிலும் உள்ள சில சொற்கள் தமிழ்நாட்டு வழக்கிலிருந்து வேறுபடுகின்றன.

- மிதிவெடி: கண்ணிவெடி
- அவதானம்: எச்சரிக்கை, கவனம்
- வைத்தியசாலை: மருத்துவமனை
- மண்சரிவு: நிலச்சரிவு
- நுளம்பு: கொசு

இவற்றுள் முதற்சொல் மிக முதன்மையானது. வட மாகாணத்தில் போர்க்காலக் கண்ணிவெடிகளை அகற்றும் பணி இன்னும் முழுமையடையவில்லை. இப்பலகை உள்ள இடங்களில் பாதையை விட்டு விலகக்கூடாது.

பிற எச்சரிக்கைகள்

மலையகத் தொடருந்துகளின் வாயிலில் தொங்கியபடி ஒளிப்படம் எடுப்பது உயிருக்கு ஆபத்தானது. காட்டு வழிச் சாலைகளில் மாலைக்குப் பின் யானைகள் நடமாடுவதால், பகலில் பயணிப்பது பாதுகாப்பானது. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி ஒளிப்படம் எடுப்பது அவமதிப்பாகக் கருதப்படுகிறது. நுழைவிசைவு விதிகள் அடிக்கடி மாறுவதால், புறப்படுமுன் இலங்கைக் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் சரிபார்க்க வேண்டும்.

அவசர உதவி

- பொலிஸ்: 119
- சுவசெரிய இலவச அம்புலன்ஸ்: 1990 (2016 இல் இந்திய உதவியுடன் தொடங்கப்பட்டது)
- தீயணைப்பு: 110
- அனர்த்த முகாமைத்துவ நிலையம்: 117

கொழும்பில் இந்தியத் தூதரகமும், கண்டியில் துணைத் தூதரகமும், யாழ்ப்பாணம், அம்பாந்தோட்டை ஆகிய நகரங்களில் இந்தியத் துணைத்தூதுவர் அலுவலகங்களும் உள்ளன. கடவுச்சீட்டின் படியையும் இவ்வெண்களையும் தாளில் எழுதித் தனியே வைத்திருப்பது, செல்பேசி பயன்படாத வேளையில் உதவும்.