இல்லாத வீட்டுக்குள் வெயில் எப்படி வருகிறது?

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் சாலையில் அடுக்குமாடி விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. அஸ்திவாரமே போடாத வீட்டின் ஹாலில் மாலை வெயில் பளபளக்கும். எப்படி?

கம்ப்யூட்டருக்குள் வெளிச்சம் என்பது வெறும் கணக்கு. பொருள்களுக்கிடையே ஒளி பட்டுத் திரும்புவதற்கான பொதுச் சமன்பாட்டை 1986-ல் ஜேம்ஸ் கஜியா வெளியிட்டார். அதை அப்படியே மதித்தால் படம் உண்மையை நெருங்கும். விற்கிற அழகு வருவது சந்தேகம். அதனால் படம் செய்பவர் விதிகளை மீறுகிறார். சோபாவுக்கு மட்டும் ஒளி தந்து, ஒட்டியிருக்கும் சுவரைத் தொடாத விளக்கு உண்டு. நிழலே விழச் செய்யாத விளக்கும் உண்டு. தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காக வேண்டும். அந்த விதியையும் நிறுத்திவைக்கலாம். எனக்குப் பிடித்தது எதிர்விளக்கு. பிரகாசத்துக்கு மைனஸ் எண் கொடுத்தால் போதும், அது மூலையில் இருட்டைப் பாய்ச்சும்!

சினிமாவில் இதெல்லாம் கலை. வீட்டு விளம்பரத்தில்தான் வம்பு, அதுவும் சூரியனால். தாம்பரம் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரைதான் நண்பகல் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. மென்பொருளிலோ டிசம்பரிலும் அதை வடக்குப் பால்கனிக்கு நேரே இழுத்து நிறுத்தலாம். பக்கத்து மனையில் எழப்போகும் நாலு மாடியும் படத்தில் இராது.

முன்பணம் கட்டுமுன் வடக்கு எதுவென்று குறித்த வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். சாயங்காலம் ஒருமுறை மனைக்கும் போய்ப் பாருங்கள்.